பாய்மரமும் பிளாஸ்டிக் நாற்காலியும்

பாய்மரம் பாதி எழுந்து நின்றுவிட்டது.

கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைச் சிமெண்ட் சரிவில் நான் நின்றிருந்தேன். எதிரே டிரெய்லர், டிரெய்லரின் மேல் எங்கள் படகு, படகின் மேல் இருபது அடி அலுமினியக் குழாய். படுத்துக் கிடந்தது பாதி எழுந்து, சுவரில் சாய்த்த ஏணி மாதிரி வானத்தில் சாய்ந்திருந்தது. சாய்வதற்குச் சுவர் மட்டும் இல்லை.

ஏரியில் காற்று அப்போதுதான் எழ ஆரம்பித்திருந்தது. ஈரப் பாசியின் வாசனை. தண்ணீர் கரையில் தட்டும் மெல்லிய சத்தம். கைப்பிடியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. எங்கோ எதுவோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் சிமெண்டில் இழுபடும் சத்தம் கேட்டது. என் கணவர் சேவியர் எழுந்திருக்கிறார்.

அவர் எழுந்திருக்கக் கூடாது. அந்த ஒன்றுக்காகத்தான் மழைக்காலம் முழுவதும் நான் தலையால் தண்ணீர் குடித்திருந்தேன்.

பெங்களூரில் ஏது கடல்?

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியபோது போகிற போக்கில் "எங்கள் படகு" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். வாசகர்கள் நாலைந்து பேர் விடவில்லை. "தொம்மலூரில் குடியிருக்கும் ரிட்டையர்டு கணக்கு டீச்சருக்குப் படகு எதற்கு, பெங்களூரில் ஏது கடல்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். நானும் சேவியரிடம் இதையே கேட்டேன்.

சேவியர் விமானப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். வாலிப வயதில் அல்சூர் ஏரிக்கரையில் நின்று, பட்டாளத்துக்காரர்கள் பாய் விரித்துப் படகு ஓட்டுவதை வாயைத் திறந்துகொண்டு பார்ப்பாராம். வேலி போட்டிருப்பார்கள், உள்ளே விடமாட்டார்கள். ரிட்டையர் ஆன மறு மாதமே மைசூர் பக்கம் ஓர் அணைத் தேக்கத்தில் சின்னதாகப் பாய்ப்படகுக் குழு இருப்பதைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன். போனவள் மாட்டிக்கொண்டேன். முப்பது வருஷம் கரும்பலகையைப் பார்த்த கண்ணுக்கு அவ்வளவு தண்ணீரும் அவ்வளவு வானமும் போதையாக இருந்தது என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

படகு கிடைத்தது எலெக்ட்ரானிக் சிட்டியில். ஓர் ஐ.டி. கம்பெனிக்காரர் ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு தடவை ஓட்டிவிட்டு, அடுக்குமாடி வீட்டின் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டார். இரண்டு கார் நிற்கிற இடத்தை ஒரு படகு அடைத்துக்கொண்டிருந்தால் அசோசியேஷன் சும்மா இருக்குமா? அவருக்கு அதைத் தள்ளிவிட்டால் போதும் என்று இருந்தது.

எங்கள் பழைய ஜீப்பில் டிரெய்லரைக் கட்டி மேம்பாலச் சாலை வழியாக இழுத்து வந்தோம். டோல் கூண்டிலிருந்த ஆள் பாதி உடம்பை வெளியே நீட்டி, என்ன இது என்று கன்னடத்தில் கேட்டார். "தோணி" என்றார் சேவியர். அது இரண்டு மொழிக்கும் பொதுவான வார்த்தைதான். அந்த ஆள் பாலத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். மழைக்காலத்தில் இந்த ஊரில் அது ஒன்றும் பைத்தியக்காரச் சந்தேகம் இல்லை.

சும்மா இருக்கத் தெரியாதவர்

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில்தான் படகு இருக்கும். ஏரிக்கரையில் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அங்கே கட்டளை. அதனால் ஒவ்வொரு தடவையும் பாய்மரத்தைப் படுக்கப் போட்டுக் கொண்டு போக வேண்டும். போனதும் நிமிர்த்த வேண்டும், திரும்பும்போது மறுபடி இறக்க வேண்டும்.

நிமிர்த்துவது இரண்டு பேர் வேலை. மரத்தின் அடிப்பக்கம் படகின் நடுவில் ஒரு கீலில் மாட்டியிருக்கும். நுனிப்பக்கம் படகின் பின்னால் ஒரு மரக் கவட்டையில் படுத்திருக்கும். ஒருவர் அதைத் தோளில் வாங்கித் தூக்கிக்கொண்டே முன்னால் நடக்க வேண்டும். மற்றவர் முன்னாலிருந்து மரத்தின் உச்சியில் கட்டிய கம்பிவடத்தை இழுக்க வேண்டும். சேவியர் தூக்குவார், நான் இழுப்பேன். நாலு வருஷம் அப்படித்தான் நடந்தது.

அப்புறம் அவருக்கு முதுகில் ஆபரேஷன். வட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், "ஒரு குடம் தண்ணிகூட தூக்க விடாதீங்கம்மா. மறுபடி போச்சுன்னா கால் இழுத்துக்கும்."

சேவியர் தலையைத் தலையை ஆட்டினார். அவர் ஆட்டுகிற தலையை நம்பி நான் ஏமாந்த நாட்கள் ஏராளம். கல்யாண மண்டபத்துக்கு விருந்தாளியாகப் போனால் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார். தெருவில் யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் போதும், பின்னால் இவர் கை இருக்கும். அடுத்தவர் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உடம்பு இல்லை அது. அதற்காகத்தான் இவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அதுவே என் கழுத்தை அறுக்கும் என்று அப்போது தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து ஏரிக்குப் போனோம். குழுவிலிருந்த இரண்டு பேர் பாய்மரத்தைத் தூக்கித் தந்தார்கள். இவரை நிழலில் உட்கார வைத்திருந்தேன். பாதி உயரத்தில் மரம் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் திரும்புவதற்குள் இவர் ஓடிப்போய்த் தோள் கொடுத்துவிட்டார்.

பத்து நாள் படுக்கை. கக்கூசுக்குப் போகக்கூட நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதினோராம் நாள் காலையில் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "வித்துடலாம் டீச்சர்."

கோபமோ வருத்தமோ இருந்தால்தான் என்னை டீச்சர் என்பார். மற்ற நேரத்தில் ஸ்டெல்லாதான்.

"எதை?"

"படகைத்தான். ஒயிட்ஃபீல்டுக்காரர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு. அங்க போனா என் கை சும்மா இருக்காது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"உங்களைத் தொட விடாம நான் ஒருத்தியே தூக்கிட்டா?"

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. சாதாரண நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

"மழை முடியறவரைக்கும் டைம் குடுங்க" என்றேன். "ஒத்த ஆளா, நீங்க நாற்காலிய விட்டு எழுந்திருக்காம, மரத்தை நிமிர்த்திக் காட்டறேன். முடியலன்னா அவருக்கே குடுத்துடுங்க. அதுக்கப்புறம் படகுன்ற பேச்சையே எடுக்க மாட்டேன்."

ஒப்புக்கொண்டார். ஒயிட்ஃபீல்டுக்காரருக்கும் போன் செய்து, மழை முடிந்ததும் சொல்கிறேன் என்றார். எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், வீம்பு இருந்தது. நம்பிக்கை பின்னால் வந்தது.

கணக்கு டீச்சரின் கணக்கு

ஏணியைத் தரையிலிருந்து தூக்கிச் சுவரில் சாய்த்திருப்பவர்களுக்குத் தெரியும், முதல் இரண்டு மூன்று அடிதான் பிராணனை வாங்கும். கொஞ்சம் எழுந்துவிட்டால் அப்புறம் ஏணியே ஒத்துழைக்கும். பாய்மரமும் அப்படித்தான். எங்கள் மரக் கவட்டை முழங்கால் உயரம்தான். மரம் கிட்டத்தட்டப் படுகிடையாகக் கிடந்தது. கஷ்டமெல்லாம் அந்த ஆரம்பத்தில்தான் இருந்தது.

நோட்டை எடுத்து முக்கோணம் போட்டேன். கவட்டையை ஓர் ஆள் தோள் உயரத்துக்கு உயர்த்திவிட்டால் மரம் முதலிலேயே சாய்வாக இருக்கும். அப்புறம் தூக்கவே வேண்டாம், இழுத்தால் போதும். மரத்தின் அடியில் முன்பக்கமாக ஒரு கழியை நிறுத்தி, மரத்தின் உச்சியிலிருந்து வரும் வடத்தை அந்தக் கழியின் நுனியில் கட்டிவிட வேண்டும். கழி நுனியிலிருந்து ஒரு கயிறு டிரெய்லரின் மூக்கிலிருக்கும் வின்ச்சுக்கு வரும். படகை டிரெய்லர் மேல் இழுக்கிற அதே வின்ச். நான் தரையில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் கழி முன்னால் சாயும், பின்னால் மரம் எழும். காகிதத்தில் எல்லாம் அழகாக வந்தது.

கேட், ஜன்னல் கம்பி எல்லாம் வெல்டிங் செய்யும் நயாஸ் பாயிடம் நோட்டைக் கொண்டு போனேன். இதே தெருக்கோடியில்தான் பட்டறை. படத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னா மேடம் இது, பேரப்புள்ளைக்கு ஊஞ்சலா?"

"படகுக்கு, பாய். பாய்மரம் சாய்ஞ்சுக்க கவட்டை. மேல ஒரு சக்கரம் வேணும். மரம் அது மேல உருண்டு முன்னயும் பின்னயும் போகணும்."

"அரே, தொம்மலூர்ல படகா!" என்று பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். சிரித்து முடித்துவிட்டு, தள்ளுகிற கேட்டுக்குப் போடும் பள்ளச் சக்கரம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "இது போடறேன். அரை டன்னு கேட்டையே தாங்குது, உங்க மரம் என்னா பெருசு?"

சக்கரம் மரத்தைக் கீறாமல் இருக்க அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். இரும்புக் கவட்டை படகின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தது. பாய்மரம் நான் போட்ட முக்கோணப்படியே அச்சாகச் சாய்ந்து நின்றது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். அவ்வளவு கர்வம் ஆகாது என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

தெருவே என்னைத் திட்டிய திங்கட்கிழமை

ஏரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு திங்கட்கிழமை காலை கிளம்பினோம். கூட்டமிருக்காது என்று நான்தான் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். ஜீப்பை மெதுவாக மனையிலிருந்து தெருவுக்கு எடுத்தேன். பக்கத்தில் சேவியர்.

இருபதடி தூரம் போயிருப்போம். தலைக்கு மேல் விர்ரென்று ஒரு இழுப்பு. அப்புறம் படபடவென்று எதுவோ அறுகிற சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். கறுப்புக் கறுப்பாக ஒரு கத்தைக் கம்பிகள் எங்கள் படகின் மேல் சரிந்துகொண்டிருந்தன.

எங்கள் தெருவில் இன்டர்நெட் கேபிள்கள் எப்படித் தொங்கும் என்பது எனக்குத் தெரியாதா? தினமும் அவற்றின் கீழேதான் காய்கறி வாங்கப் போகிறேன். கவட்டையை உயர்த்தினால் மரத்தின் நுனி எங்கே போகும் என்று யோசிக்கவே இல்லை. என் நோட்டில் முக்கோணம் இருந்தது, கோணம் இருந்தது, தெரு இல்லை. "கேள்வியை முழுசாப் படிக்காம கணக்கைத் தொடாதே" என்று எத்தனை பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்!

திங்கட்கிழமை காலை, பாதித் தெரு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறது. ஒவ்வொரு பால்கனியாகக் கதவு திறந்தது. மூன்றாம் மாடியிலிருந்து காதில் மாட்டிய ஹெட்செட்டோடு ஒரு பையன், "ஆன்ட்டி, கிளையண்ட் கால்ல இருந்தேன்!" என்று அழாத குறையாகக் கத்தினான். எதிர்வீட்டு அம்மா கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். கேபிள்காரர் வந்து, வண்டியை நிறுத்தி, படகையும் கம்பிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மீன் ஹிடிதீரா ஆன்ட்டி?" என்று கேட்டார். மீன் பிடிக்கிறீர்களா என்று அர்த்தம்.

மன்னிப்புக் கேட்டேன். மதியம் வரை வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டேன். ஹெட்செட் பையனுக்கு எங்கள் வீட்டு ஹாலில் மேஜை போட்டு, என் போன் இன்டர்நெட்டைக் கொடுத்து, காபியும் கொடுத்தேன்.

இத்தனைக்கும் நடுவில் சேவியர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஜீப்புக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குது, ஐயோ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். தெருவே என்னைத் திட்டிக்கொண்டிருந்தது, எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தது.

அன்று சாயந்திரம் தன் கைத்தடியை மடியில் வைத்து அதன் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற தடி அது.

"ஸ்டெல்லா, உனக்கு ரெண்டு உயரம் வேணும். ரோட்டுக்கு ஒண்ணு, ஏரிக்கு ஒண்ணு."

குழாய்க்குள் குழாய். மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை, குறுக்கே ஒரு ஆணி. தெருவில் கீழ்த் துளை, ஏரியில் மேல் துளை. எவ்வளவு சுலபம்! உடனே செருப்பை மாட்டிக்கொண்டு நயாஸ் பாய் பட்டறைக்குக் கிளம்பினார்.

"எங்க கிளம்பிட்டீங்க? அங்க போய்க் குழாயப் பிடிக்கவா? உட்காருங்க. கை வேலை எனக்கு, வாய் வேலை உங்களுக்கு."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். ஆனால் அன்றைக்கே மில்லிமீட்டர் கணக்கில் படம் போட்டுக் கொடுத்தார். எந்தக் குழாய், எத்தனை இடைவெளி, ஆணிக்கு எத்தனை கனம் எல்லாம் அதில் இருந்தது. நயாஸ் பாய் அந்தப் படத்தை மட்டும் தலைகீழாகப் பிடிக்கவில்லை. "இது சார் போட்டதா?" என்று கேட்டுவிட்டு என் நோட்டை மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

உட்காருங்க!

மழை முடிந்தது. ஒயிட்ஃபீல்டுக்காரர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் முடிவு சொல்கிறேன் என்று சேவியர் சொன்னது என் காதில் விழுந்தது. தலைக்கு மேல் கம்பி ஓடுகிற எங்கள் மனையிலோ தெருவிலோ மரத்தை நிமிர்த்திப் பார்க்க வழியில்லை. அந்தத் தெருவுக்கு நான் இன்னொரு தடவை முகம் காட்ட முடியாது. அதனால் ஒத்திகையே இல்லாமல் நேராக ஏரிக்குத்தான் போனோம். எனக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

சர்ச்சில் அதிகாலைப் பூசை முடிந்த கையோடு கிளம்பி வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். சரிவின் மேட்டில் நாற்காலியைப் போட்டேன். அவர் உட்கார்ந்தார். கைத்தடியைக் குறுக்கே வைத்துக்கொண்டார்.

குழுவில் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

முதலில் கவட்டையை மேல் துளைக்கு உயர்த்தி ஆணியைச் செருகினேன். பாய்மரத்தைச் சக்கரத்தின் மேல் பின்னால் உருட்டி, அடியைக் கீலில் பொருத்தினேன். சத்தமே இல்லாமல் உருண்டது. இரண்டு பக்கத்துக் கம்பிவடங்களையும் மாட்டினேன். மரம் இடம் வலம் சாயாமல் பிடித்துக்கொள்வது அவைதான். முன்னால் கழியை நிறுத்தினேன், கயிற்றைக் கட்டினேன், இறங்கி வந்து வின்ச்சைப் பிடித்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. பரீட்சை எழுதுகிற பிள்ளைகளிடம் இன்னும் கொஞ்சம் இரக்கமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. எல்லாம் காலம் கடந்த ஞானம்.

சுற்றினேன். டக், டக், டக். கயிறு விறைத்தது. சக்கரத்தை விட்டு மரம் ஒரு விரற்கடை எழுந்தது. பிறகு ஒரு சாண், பிறகு ஒரு முழம். என் கையில் ஒரு வாளித் தண்ணீர் கனம்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் நின்றது. முதலில் சொன்னேனே, அந்த இடம்.

நிமிர்ந்து பார்த்தேன். இடது பக்கத்து வடம் படகின் ஓரத்தில் கயிறு கட்டும் ஒரு கொண்டியின் அடியில் மாட்டியிருந்தது. இன்னும் இழுத்தால் ஒன்று கொண்டி பிய்யும், இல்லையென்றால் வடம் அறும். மரம் லேசாக இடது பக்கம் சாய்ந்தது. முன்பு இதே மாதிரி சாய்ந்தபோதுதான் அவர் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்.

நாற்காலி இழுபட்டது.

"ஸ்டெல்லா, அது சாயுது! இரு, நான் பிடிக்கிறேன்!"

"உட்காருங்க!"

என் வகுப்பறைக் குரல் எனக்கே மறந்துபோயிருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். குழுவிலிருந்த இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சேவியர் உட்காரவில்லை. தடி ஊன்றும் சத்தம் சரிவில் இறங்கி என்னை நோக்கி வந்தது.

அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. கைப்பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தேன். எடுத்து, அவருக்குத் தெரியும்படித் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினேன்.

மரம் விழவில்லை. வின்ச்சின் பல் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரும் பிடிக்காமல், யார் தோளும் இல்லாமல், பாய்மரம் பாதி வானத்தில் அப்படியே நின்றது.

தடியின் சத்தம் நின்றது.

நான் அவசரப்படவே இல்லை. படகின் மேல் ஏறினேன். கொண்டியின் அடியிலிருந்து வடத்தை விடுவித்தேன். அது டிங் என்று துள்ளி நேரானது. இறங்கி வந்து மறுபடி கைப்பிடியைப் பிடித்தேன். டக், டக், டக். மரம் எழுந்து, நிமிர்ந்து, நேராக நின்றது. முன் வடத்தை அதன் இடத்தில் மாட்டி ஆணியைச் செருகினேன். குழுவினர் கை தட்டினார்கள்.

அவர் எழுந்தாலும் மரத்தைத் தொடவில்லை, ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினேன்.

சேவியர் சரிவின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவர் பாய்மரத்தைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிட்டரின் கை, விரல்களெல்லாம் காய்ப்பு. அப்புறம் மெதுவாகத் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாலு மாதமாக என்ன செய்திருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. இந்த மனுஷன் இல்லாமலே எல்லாம் நடக்கும் என்று அவருக்கே நிரூபித்துக் காட்டியிருக்கிறேன். படகைக் காப்பாற்றிவிட்டு இவரைக் கரையில் விட்டுவிட்டேனோ என்று பயந்தேன். மேடேறி அவர் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கண் கலங்கியது. அவருக்கும்தான். இரண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டோம்.

"நல்லா நிக்குது" என்றார்.

"உங்க குழாய்தான்."

பிறகு, வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளை கேட்பதுபோல, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நானும் வரலாமா? வந்தா… நான் எங்க உட்காரட்டும்?"

நாற்பது வருஷத்தில் எந்த இடத்திலும் தான் எங்கே உட்கார வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"இதென்ன கேள்வி? சுக்கான் யார் பிடிப்பா, நானா? போன தடவை நான் பிடிச்சப்போ நாணல் காட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டது மறந்துபோச்சா? அதுக்கு முதுகு வேணாம். கை போதும். காத்து எங்க திரும்பும்னு அந்தக் கைக்குத்தான் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார்.

ஒரு வருஷமாக நான் அவரிடம் அதிகம் சொன்ன வார்த்தை "உட்காருங்க" என்பதுதான். காலையில் சொல்வேன், மாலையில் சொல்வேன், சமையலறையில், மாடிப்படியில், தெருவில், எங்கே பார்த்தாலும் சொல்வேன். அன்று எழுந்து நின்று கையை நீட்டினேன்.

"எழுந்து வாங்க" என்றேன்.